அத்தியாயம் 6: போனில் பாடம், வீட்டில் பேச்சு

காட்டூரிலிருந்து புத்தூர் அரசு மருத்துவமனைக்குப் போவதென்றால் அரியமங்கலம், பால்பண்ணை, காந்தி மார்க்கெட் என்று திருச்சியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கடக்க வேண்டும். கைக்குழந்தையோடு ஸ்பீச் தெரபிக்குப் போய்வரும் தாய்க்கு அரை நாள் அலைச்சலிலேயே கழிந்துவிடும். திருவெறும்பூர் பக்கம் பட்டறை வேலைக்குப் போகிற அப்பா கூட வந்தால் அன்றைய சம்பளமும் போகும். ஆன்லைன் பாடங்கள் யாருக்காவது உதவ வேண்டுமென்றால் இந்த மாதிரி வீடுகளுக்குத்தான் உதவ வேண்டும். உதவவும் செய்கின்றன. சிக்கல் என்னவென்றால், பாதி வீடுகளில் அந்த போன் குழந்தையின் கையில் இருக்கிறது. இருக்க வேண்டிய இடம் அம்மாவின் கை.

"டிவி பாக்கட்டும், பாட்டு கேக்கட்டும், தன்னால பேச்சு வந்துரும்மா" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். காது நன்றாகக் கேட்கும் குழந்தைக்கே திரையிலிருந்து மட்டும் பேச்சு வராது. எதிரே இருக்கும் மனிதர் முகம் பார்த்து, குழந்தை செய்ததற்குப் பதில் சொல்லி, திரும்பத் திரும்பப் பேசினால்தான் வரும். காது கேளாத குழந்தைக்கு இது இன்னும் பல மடங்கு வேண்டும். ஆகவே இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரே விதி: ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கான வீடியோவை முதலில் பார்க்க வேண்டியவர் நீங்கள். பார்த்ததை அன்றைக்கே வீட்டு வேலைக்குள் கொண்டுவர வேண்டியவரும் நீங்கள்தான்.

இது இணையம் வந்த பிறகு கண்டுபிடித்த சங்கதி என்று நினைக்க வேண்டாம். ஹாலிவுட் நடிகர் ஸ்பென்சர் ட்ரேசியின் மகன் ஜானுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவன் அம்மா லூயிஸ் ட்ரேசி 1942ல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மையம் தொடங்கினார். அடுத்த ஆண்டே, நேரில் வர முடியாத பெற்றோருக்காகத் தபாலில் பாடம் அனுப்ப ஆரம்பித்தார். கட்டணம் இல்லை, எந்த நாட்டிலிருந்தும் கேட்கலாம். அந்தப் பாடங்கள் எல்லாமே பெற்றோருக்கு எழுதப்பட்டவை. இன்று அவை ஆன்லைனில் வருகின்றன. நம் பக்கத்தில் சென்னை அடையாறு பால வித்யாலயா 1969 முதல் நடக்கிறது. அங்கே வகுப்பில் குழந்தையோடு அம்மாவும் உட்கார்ந்து கற்கிறார். அம்மாவுக்குப் பாடம் வராமல் குழந்தைக்கு வராது என்பது அவர்கள் கணக்கு. காது கேளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். அமெரிக்கக் கணக்கில் அது 90 சதவீதத்துக்கும் மேல். அதாவது வீட்டில் யாருக்கும் இதில் முன் அனுபவம் இருக்காது. வெட்கப்பட எதுவும் இல்லை. எல்லோருமே முதல் பாடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

ஆன்லைனில் நடக்காத ஒன்று

டெஸ்ட். இதை மட்டும் எந்த ஆப்பையும் நம்பிச் செய்யாதீர்கள். தட்டு விழும் சத்தத்துக்குக் குழந்தை திரும்பிப் பார்த்தது என்பதால் காது நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. அதிர்வு தெரிந்து திரும்பியிருக்கலாம்; தாழ்ந்த சத்தம் மட்டும் கேட்கும் காதாக இருக்கலாம்; உங்கள் நிழல் அசைந்ததைக்கூடப் பார்த்திருக்கலாம். பிறந்த குழந்தைக்கு ஓ.ஏ.இ. என்ற சோதனை சில நிமிடத்தில் முடியும். அதில் சந்தேகம் வந்தால் பெரா டெஸ்ட். குழந்தை தூங்கும்போது தலையில் ஒயர் ஒட்டி எடுப்பார்கள், வலிக்காது. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் காது மெஷினும் பயிற்சியும் என்பது உலகம் முழுக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம், ஆனால் அடுத்த வாரம் என்று தள்ளவும் வேண்டாம்.

அரசு மருத்துவமனையில் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டக் குழுவிடமும் சொல்லி வைக்கலாம். அந்தத் திட்டம் 2013லிருந்து 18 வயதுவரை உள்ளவர்களைப் பார்க்கிறது. உள்காதில் கருவி வைக்கும் காக்ளியர் அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு உண்டு. வயது வரம்பு இருப்பதால்தான் தாமதம் விலை உயர்ந்தது. அறுவை முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் பல பேர். உண்மையில் அன்றைக்குத்தான் வேலை ஆரம்பம். உள்ளே வைத்த கருவி சத்தத்தைத்தான் கொடுக்கும். அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் கொடுப்பது பயிற்சி.

ஆறு ஒலி, ஒரு நிமிடம்

மெஷின் மாட்டியாயிற்று. இனி தினமும் காலையில், எந்த வகுப்புக்கும் வீடியோவுக்கும் முன்னால், ஒரு சின்னச் சோதனை. டேனியல் லிங் என்ற பேச்சுப் பயிற்சி ஆசிரியர் வகுத்தது, உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகள். தாழ்ந்த சுருதியிலிருந்து மிக உயர்ந்த சுருதிவரை பேச்சில் வரும் எல்லாச் சத்தத்துக்கும் இந்த ஆறும் பிரதிநிதிகள்.

குழந்தைக்குப் பக்கவாட்டிலோ பின்னாலோ உட்காருங்கள். வாய் தெரியக் கூடாது. கையால் வாயை அடைத்துப் பேசினால் சத்தமே மாறிவிடும், அதனால் ஒரு துணியையோ தாளையோ சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். சாதாரணக் குரலில் ஒரு ஒலி. கேட்டால் ஒரு பொத்தானையோ புளியங்கொட்டையையோ டப்பாவில் போட வேண்டும் என்று பழக்குங்கள். பெரிய குழந்தை என்றால் திருப்பிச் சொல்லட்டும். ஒரே தாளத்தில் சொல்லாதீர்கள். அடுத்தது எப்போது வரும் என்று கண்டுபிடித்துவிடும். நடுநடுவே சும்மாவும் இருங்கள்.

நேற்றுவரை 'ஸ்' கேட்ட குழந்தைக்கு இன்று கேட்கவில்லையா? முதலில் பேட்டரி. அடுத்து காதுக்குள் பொருந்தும் மோல்டில் அழுக்கோ வியர்வையோ. திருச்சி வெயிலில் வியர்வை பெரிய எதிரி. ராத்திரி சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மெஷினை வைப்பது நல்லது. குழந்தை வளர வளர மோல்ட் தளரும், மெஷின் கூவும். சத்தத்தைக் குறைத்துவிடாமல் புது மோல்டுக்கு அளவு கொடுங்கள். இது எதுவும் இல்லாமலும் கேட்கவில்லை என்றால், சளியாக இருக்கலாம், கேட்கும் திறன் மேலும் குறைந்திருக்கலாம், ஆடியாலஜிஸ்டிடம் காட்டுங்கள். பேட்டரிகளை மட்டும் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

போனை எங்கே வைப்பது

சின்ன விஷயம்தான், ஆனால் வகுப்பு பயன்படுவதும் வீணாவதும் இதில்தான். தஞ்சாவூர் சாலையை ஒட்டிய வீட்டில் முன்னறையில் வகுப்பு வைத்தால் பஸ் ஹாரனும் லாரியும்தான் மெஷினுக்குள் போகும். மெஷினுக்கு எது பேச்சு, எது இரைச்சல் என்று நம் மூளை அளவுக்குப் பிரிக்கத் தெரியாது. உள்ளறை, கதவு சாத்தி, சுவரில் ஒரு போர்வையோ திரைச்சீலையோ தொங்கினால் எதிரொலியும் குறையும். மின்விசிறியைக் குறைத்து வையுங்கள். குக்கர் விசில் அடிக்கும் நேரம் வேண்டாம்.

டீச்சர் முகத்தில் வெளிச்சம் முன்னாலிருந்து விழ வேண்டும். உங்கள் முகத்திலும் அப்படியே. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் திரையில் கறுப்பு உருவம்தான் தெரியும், உதடும் தெரியாது கையும் தெரியாது. சைகை வகுப்பு என்றால் தலையிலிருந்து இடுப்புவரை திரைக்குள் வர வேண்டும். போனைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டிலோ, அரிசி டப்பாவில் சாய்த்தோ நிறுத்துங்கள்.

போனின் குட்டி ஸ்பீக்கரில் தாழ்ந்த சத்தங்கள் சரியாக வராது. பழைய முறைத் தொலைபேசி அழைப்பில் உயர்ந்த சத்தங்கள் வெட்டுப்பட்டுவிடும், அதில் முதலில் போவது 'ஸ்'. ஆகவே சாதா அழைப்பைவிட வீடியோ அழைப்பு நல்லது. அதோடு ஒரு சின்ன வெளி ஸ்பீக்கரைக் குழந்தைக்கு மூன்றடிக்குள் வைத்தால் இன்னும் நல்லது. ப்ளூடூத் உள்ள மெஷின் என்றால் நேராக இணைக்கலாம். இல்லையென்றால் கவலை இல்லை. மெஷினைக் கழற்றிவிட்டு இயர்போன் மாட்டுவது மட்டும் கூடாது. அந்தக் காதுக்கென்று அமைத்துக் கொடுத்ததைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் இரைச்சலைக் கொடுப்பதுதான் அது.

உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளும் என்றும் நம்பிவிட வேண்டாம். கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் 'பாட்டு', 'மாட்டு' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும்.

எதைத் தேடுவது

யூடியூபில் ஆங்கிலத்தில் சைகை மொழி என்று அடித்தால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் அமெரிக்கச் சைகை மொழி. அழகான வீடியோக்கள், வண்ண வண்ணமாக இருக்கும். அதை ஆறு மாதம் படித்துவிட்டு, பள்ளிக்குப் போன பிறகு அங்கே வேறு மொழி நடக்கிறது என்று தெரிந்தால் எவ்வளவு ஏமாற்றம்! கண்டுபிடிக்க ஓர் எளிய அடையாளம் உண்டு. ஆங்கில எழுத்துகளை ஒரே கையால் காட்டினால் அது அமெரிக்கம். இந்தியச் சைகை மொழியில் அதற்கு இரண்டு கையும் வேண்டும். தேடும்போதே 'இந்திய' என்ற சொல்லைச் சேர்த்துத் தேடுங்கள்.

முதலில் போக வேண்டிய இடம், டெல்லியில் 2015ல் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம். 2018ல் 3,000 சொற்களோடு அகராதி வெளியிட்டார்கள். 2021ல் அது 10,000 சொற்களானது. ஒவ்வொரு சொல்லுக்கும் வீடியோ. அதையே 2022 செப்டம்பரில் 'சைன் லேர்ன்' என்ற ஆப்பாகவும் கொண்டுவந்தார்கள், இலவசம். வெளியானபோது ஆங்கிலத்திலோ இந்தியிலோ தேடும்படிதான் இருந்தது. ஆங்கிலம் தடுமாறும் வீட்டில் அக்கா அண்ணன் யாராவது உட்கார்ந்து, வீட்டில் தினம் புழங்கும் ஐம்பது சொல்லுக்கு ஆங்கிலச் சொல்லை ஒரு நோட்டில் எழுதிவைத்தால் போதும். சாப்பாடு, தண்ணி, பால், பாட்டி, வலிக்குது, போதும், இன்னும், எங்கே. இதிலிருந்து ஆரம்பியுங்கள். பத்தாயிரத்தையும் பார்த்து மிரள வேண்டாம்.

நம் மாநிலத்துக்குள்ளேயே கோயம்புத்தூரில் ராமகிருஷ்ணா மிஷன் விவேகானந்தா கல்வி ஆராய்ச்சி நிறுவனம் நெடுநாளாக இந்தியச் சைகை மொழியில் வேலை செய்கிறது. அவர்களுடைய சைகை அகராதியும் இணையத்தில் இருக்கிறது. சில சைகைகள் ஊருக்கு ஊர் மாறும். டெல்லி வீடியோவில் ஒன்று, உங்கள் பிள்ளையின் பள்ளியில் வேறொன்று என்றால் பள்ளியில் உள்ளதையே வீட்டிலும் செய்யுங்கள். குழந்தை யாரோடு பழகுகிறதோ அவர்கள் மொழிதான் அதற்கு வேண்டும்.

பள்ளிப் பாடங்களுக்கு வருவோம். என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களைச் சைகை மொழியில் மாற்ற 2020 அக்டோபரில் ஒப்பந்தம் போட்டார்கள். அந்த வீடியோக்கள் தீக்ஷா தளத்தில் கிடைக்கின்றன. 2024 டிசம்பர் 6ஆம் தேதி பி.எம். இ-வித்யாவின் 31ஆவது சேனல் முழுக்கச் சைகை மொழிக்கென்றே தொடங்கியது. டிடிஎச்சிலும் வரும், யூடியூபிலும் வரும். ஆனால் இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல் வேறு. அந்த வீடியோக்களின் குரலும் எழுத்தும் இந்தி, ஆங்கிலம். கணக்கும் அறிவியலும் பார்த்தால் பலன் உண்டு. சமூக அறிவியலுக்கு நம் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் ஒட்டும். தமிழ்ப் பாடத்துக்கு அதை எதிர்பார்க்கவே வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூலை வரி வரியாகச் சைகை மொழியில் தருவதைப் பள்ளிக்கல்வித் துறை எடுத்துச் செய்ய வேண்டும். பெற்றோர் கூட்டங்களில் இதைக் கேட்டுக்கொண்டே இருங்கள்.

பேச்சுப் பயிற்சிக்கு மைசூரில் 1965ல் தொடங்கிய அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம். தொலைவிலிருந்தே வீடியோவில் தெரபி கொடுக்கும் பிரிவு அங்கே இருக்கிறது. தமிழில் பேசும் தெரபிஸ்ட் கிடைப்பாரா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். வீட்டில் தமிழ், தெரபியில் ஆங்கிலம் என்று போனால் இரண்டும் நிற்காது.

தமிழ் வாசிப்புக்கு பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர். இலவசமாகத் தமிழ்ப் படக்கதைகள், படிநிலை வாரியாக. காது கேளாத குழந்தைக்குத் தமிழ் இரு மடங்கு கடினம். நாம் 'சாப்பிடுறான்' என்கிறோம், புத்தகம் 'உண்கிறான்' என்கிறது. கேட்கும் குழந்தைக்கு இரண்டும் ஒன்று என்று தன்னால் படிந்துவிடும். உங்கள் பிள்ளைக்கு யாராவது உட்கார்ந்து காட்டித்தான் ஆக வேண்டும். படத்தைக் காட்டி, சைகை செய்து, நம் பேச்சில் சொல்லி, பிறகு அச்சு வரியில் விரல் வைத்துச் சொல்லுங்கள்.

ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் 'லைவ் ட்ரான்ஸ்கிரைப்' என்ற ஆப் 2019லிருந்து இருக்கிறது. எதிரே பேசுவதை எழுத்தாக்கும், தமிழும் உண்டு. நிதானமாகப் பேசினால் நன்றாக வரும், வேகப் பேச்சுத் தமிழில் தடுமாறும். படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு டியூஷனிலும் மருந்துக் கடையிலும் பயன்படும்.

பேச்சா, சைகையா

இந்தக் கேள்வியோடு வராத பெற்றோர் இல்லை. பால வித்யாலயா போன்ற இடங்கள் கேட்டல், பேச்சு வழியே போகின்றன; அதில் பேசப் பழகிப் பொதுப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் உண்டு. சைகையில் வளர்ந்து பட்டம் வாங்கிய பிள்ளைகளும் உண்டு. 'சைகை பழக்கினால் பேச்சு வராது' என்று சொல்லி மூன்று, நான்கு வயதுவரை குழந்தையை எந்த மொழியும் இல்லாமல் வைத்திருப்பதுதான் எனக்குத் தெரிந்து மிகப் பெரிய நஷ்டம். மெஷின் வரும்வரை, காக்ளியர் ஆகும்வரை, பேச்சு வருமா என்று தெரியும்வரை, கையில் ஒரு மொழி இருக்கட்டும். 'வலிக்குது' என்று சொல்லத் தெரியாத குழந்தை அழும், அடிக்கும், கடிக்கும். அதைப் பிடிவாதம் என்று நாம் சொல்கிறோம்.

ஒரு வீடியோவை வீட்டுப் பாடமாக்குவது

மூன்று நிமிட வீடியோ ஒன்றை எடுத்துக்கொள்வோம்: தண்ணீர் பற்றியது. முதல் நாள் இரவு குழந்தை தூங்கிய பிறகு நீங்கள் மட்டும் பாருங்கள். நான்கு சொல்லைத் தேர்ந்தெடுங்கள்: தண்ணி, குடம், நிறைஞ்சிருச்சு, மூடு. மறுநாள் குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குக் குழந்தையைக் கூட்டிப் போங்கள். குழாய் சத்தம் கேட்டதும் உங்கள் காதைத் தொட்டு, "கேக்குதா? தண்ணி வருது!" என்று அதன் முகத்துக்கு நேராகக் குனிந்து சொல்லுங்கள். குடம் நிறையும்வரை காத்திருங்கள். வழியும்போது குழந்தையே உங்களைப் பார்க்கும். அந்த நொடிதான் முக்கியம். "நிறைஞ்சிருச்சு! மூடு, மூடு!" குழாயை அதுவே மூடட்டும்.

அதே நான்கு சொல் குளிக்கும்போதும், செடிக்கு ஊற்றும்போதும், பாட்டிக்கு டம்ளரில் தண்ணீர் கொடுக்கும்போதும் வர வேண்டும். பாட்டியும் அதே சைகையைச் செய்ய வேண்டும். மாலையில், வேண்டுமானால், அந்த வீடியோவைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சேர்ந்து பாருங்கள். தெரிந்ததைத் திரையில் பார்க்கும்போது அது துள்ளும். வாரம் ஒரு வீடியோ போதும்.

தள்ளிவைக்க வேண்டியவை

நரம்பைத் தூண்டும் எண்ணெய், காதில் விடும் சாறு, இருபதே நாளில் கேட்க வைக்கும் பயிற்சி என்று வரும் வீடியோக்களைப் பார்த்து எதையும் காதில் விடாதீர்கள். உள்காதில் பழுதான செல்கள் எண்ணெயால் வளராது. செவிப்பறை ஓட்டையாக இருந்தால் இருக்கிற கேட்கும் திறனும் போகும். முன்பணம் கட்டச் சொல்லும் தெரபி வகுப்பில், நடத்துபவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். பதிவுள்ளவர் எண்ணைச் சொல்லத் தயங்க மாட்டார். பிள்ளை மெஷினோடு பேசும் வீடியோவை உறவுக்காரர் குழுவில் போடுவதும் உங்கள் விருப்பம்தான், ஆனால் பிள்ளைக்கு விவரம் தெரிந்ததும் அதனிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரில் போயே ஆக வேண்டிய இடங்கள்

திருவெறும்பூர் வட்டார வள மையத்தில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர்களைப் பாருங்கள். எந்தப் பள்ளியில் படித்தாலும் பிள்ளையின் பெயர் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். ஆன்லைனில் நீங்கள் பார்க்கும் வீடியோக்களை அவர்களிடம் காட்டி, பிள்ளையின் நிலைக்கு எது பொருந்தும் என்று கேளுங்கள். சிறப்புக் கல்வி படிக்கும் மாணவிகளின் உதவி வேண்டுமென்றால் திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரியின் மறுவாழ்வு அறிவியல் துறையில் விசாரிக்கலாம். தனித்துவ அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபலிலிருந்து 70 வரை இழப்பு என்றால் குறைவாகக் கேட்பவர், 70ம் அதற்கு மேலும் என்றால் காது கேளாதவர். கேட்கும் திறனைக் காட்டும் ஆடியோகிராமின் நகல் இரண்டு எப்போதும் பையில் இருக்கட்டும்.

பொதுத் தேர்வில் செவித்திறன் குறைபாடுள்ள மாணவர்களுக்கு ஒரு மொழிப்பாட விலக்கும் கூடுதலாக ஒரு மணி நேரமும் உண்டு. அதைத் தானாக யாரும் போட்டுத் தர மாட்டார்கள். பத்தாம் வகுப்பு தொடங்கிய முதல் மாதமே மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியரைப் பாருங்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு கேட்டால் அலைச்சல்தான் மிஞ்சும்.